நம் பணத்தில் நடக்கும் ஆஸ்பத்திரி: நமக்கு வோட்டு எங்கே?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு பற்றியும் போனஸ் பற்றியும் மற்றத் தோழர்கள் பேசிவிட்டார்கள். நான் இ.எஸ்.ஐ. பற்றிப் பேச வந்திருக்கிறேன். மருந்து இல்லை, டாக்டர் இல்லை, கால் கடுக்க நிற்க வேண்டியிருக்கிறது என்ற புகார்களெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையே. நான் கேட்பது வேறு கேள்வி. அந்த ஸ்தாபனத்தை நடத்துவது யார்? அவர்களை அங்கே உட்கார வைத்தது யார்?

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். மாதம் 16,000 ரூபாய் வாங்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த விகிதப்படி, அவர் கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாய், அதாவது 120 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி நூற்றுக்கு மூன்றேகால் வீதம் 520 ரூபாய் கட்டுகிறார். ஆக மாதம் 640, வருஷத்துக்கு 7,680 ரூபாய். அந்த 520 முதலாளி போடும் தர்மமா? அல்ல. நம் உழைப்பிலிருந்து வந்ததுதான் அதுவும். இப்படி மூன்று கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர் பேரில் பணம் சேருகிறது.

இந்தத் திட்டம் வானத்திலிருந்து விழவில்லை. பேராசிரியர் பி. பி. அடார்க்கர் 1944ல் அறிக்கை கொடுத்தார். 1948ல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1955 ஜனவரியில் கோயம்புத்தூருக்கு வந்தது. சீக்கு வந்தால் வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு எழுபது. பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். இவை லேசான உரிமைகளல்ல. ஆகவே, மருந்து இல்லை என்பதைக் காட்டித் திட்டமே வேண்டாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். வீடு ஒழுகினால் கூரையை மாற்றுவோம்; வீட்டை விற்கமாட்டோம்.

கூரை எங்கே ஒழுகுகிறது? 1948 சட்டப்படி அமைந்த கார்ப்பரேஷனில் தொழிலாளர் தரப்பில் 10 பேர், முதலாளிமார் தரப்பில் 10 பேர். இவர்களோடு மத்திய, மாநில சர்க்கார்களின் பிரதிநிதிகள், வைத்தியத் துறையினர் 2 பேர், பார்லிமெண்ட் உறுப்பினர் 3 பேர். பத்துக்குப் பத்து என்றதும் தராசு சமமாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் நம் பத்துப் பேரைப் பொறுக்கி எடுப்பது யார்? தான் அங்கீகரித்த சங்கங்களைக் கலந்துகொண்டு மத்திய சர்க்காரே நியமிக்கிறது. கலந்துகொள்வது வேறு, வோட்டுப் போடுவது வேறு. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் நியமனம் நியமனமாகவே நிற்கிறது.

இதன் பலன் என்ன? சங்கமே இல்லாத சிறு பட்டறையில் வேலை செய்யும் பெண்ணுக்கும், காண்ட்ராக்டில் வரும் வெளியூர்த் தொழிலாளிக்கும் பிடித்தம் உண்டு, குரல் இல்லை. சங்கத்தில் இருப்பவர்களாவது கேட்கட்டும்: டில்லியில் நம் பேரில் உட்காருகிறவர் பெயர் என்ன? போன கூட்டத்தில் என்ன பேசினார்? எத்தனை பேர் பதில் சொல்வீர்கள்?

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பணப்பெட்டி கார்ப்பரேஷனிடம், பெரும்பாலான டிஸ்பென்சரிகளை நடத்துவதோ மாநில சர்க்கார். வைத்தியச் செலவில் எட்டில் ஏழு பங்கு அங்கே, ஒரு பங்கு இங்கே. மாத்திரை இல்லையென்று கேட்டால் இங்கே இருப்பவர் டில்லியைக் காட்டுவார். டில்லிக்காரர் சென்னையைக் காட்டுவார். இரண்டு வீட்டு விருந்தாளி பட்டினி கிடப்பதுபோல் நாம் நடுவில் நிற்கிறோம்.

தொழிலாளிகளே நடத்திய வைத்திய சங்கம் உலகத்தில் உண்டா? உண்டு. பிரிட்டனில், தென் வேல்ஸில் ட்ரெடிகர் என்ற சுரங்க ஊர். அந்தப் பிரதேசத்தில் ஒரு காலத்தில் கம்பெனியே டாக்டரை நியமித்து, கூலியில் பிடித்துக்கொண்டது. கம்பெனி டாக்டர் கம்பெனி பக்கம்தானே பேசுவார்? 1890ல் ட்ரெடிகர் தொழிலாளர் தங்கள் சொந்த வைத்திய உதவிச் சங்கத்தை அமைத்தார்கள். கூலியில் பவுனுக்கு மூன்று பென்ஸ் சந்தா. டாக்டர்களைச் சங்கமே சம்பளத்துக்கு வைத்தது. நிர்வாகக் கமிட்டி தொழிலாளர் கையில். பிற்பாடு சுரங்கத்தில் வேலை செய்யாத ஊராருக்கும் கதவைத் திறந்தார்கள். ஊர் ஜனங்களில் பெரும்பாலோர் அதில் சேர்ந்தார்கள். அங்கே ஆஸ்பத்திரிக் கமிட்டியில் பழகியவர்தான் சுரங்கத் தொழிலாளி அன்யூரின் பெவன். அவர் மந்திரியாகி 1948 ஜூலை 5 அன்று பிரிட்டன் முழுவதற்கும் இலவச வைத்தியம் கொண்டுவந்தார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எல்லோருக்கும் வைத்தியம் கிடைத்தது. ஆஸ்பத்திரிப் போர்டுகளிலோ நியமன உறுப்பினர்கள் உட்கார்ந்தார்கள். வைத்தியமும் வேண்டும், வோட்டும் வேண்டும் என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

"தொழிலாளிக்கு வைத்தியத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்பார்கள். ஊசி போடும் வேலையை நாம் கேட்கவில்லை. மருந்து வந்ததா, டாக்டர் இடம் எத்தனை மாதமாகக் காலி, ஸ்கேன் மிஷின் ஏன் ஓடவில்லை என்று பார்க்க நமக்குத் தெரியும். "கோடிக்கணக்கான பேருக்குத் தேர்தல் நடத்த முடியுமா?" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் இன்ஷூரன்ஸ் நம்பர் இருக்கிறது. ஒருவர் விடாமல் மாதந்தோறும் பணம் பிடிக்க முடிகிறவர்களுக்கு, சில வருஷங்களுக்கு ஒருமுறை வோட்டு எண்ண முடியாதா? "சங்கங்களின் உரிமை போய்விடுமே" என்பாரும் உண்டு. போகாது. சங்கங்கள் வேட்பாளரை நிறுத்தட்டும். அப்போதாவது காண்ட்ராக்ட் தொழிலாளியின் குடிசைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அது சங்கத்துக்கும் நல்லது.

நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று: தொழிலாளர் தரப்புப் பிரதிநிதிகளை, பணம் கட்டும் தொழிலாளரே ரகசிய வோட்டில் தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் பெண்களுக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளருக்கும் தனி இடம் வேண்டும். இரண்டு: ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் டிஸ்பென்சரிக்கும் தேர்ந்தெடுத்த கமிட்டி வேண்டும்; அது மாதம் ஒருமுறை கூடி, தீர்மானங்களைத் தமிழில் வாசல் பலகையில் ஒட்ட வேண்டும். மூன்று: வரவு செலவை வருஷம் ஒருமுறை தொழிலாளர் முன்னால் படிக்க வேண்டும், கடமை தவறும் பிரதிநிதியைத் திரும்ப அழைக்கும் உரிமை வேண்டும். நான்கு: மருந்துக்கும் ஆளுக்கும் பொறுப்பு யார் என்று ஒரே அதிகாரியை எழுத்தில் குறிப்பிட வேண்டும்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களே! இது மில்காரர் விவகாரம் என்று எண்ணி எழுந்து போய்விடாதீர்கள். இ.எஸ்.ஐ.யில் உங்களுக்கு இடமில்லை. நாற்று நடும்போது பாம்பு கடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் ஓடுகிறீர்கள். 2005ல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதாரத் திட்டத்தின்கீழ் அங்கும் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று ஏற்பட்டது. பெயர் நோயாளர் சங்கம்; நோயாளிகள் வோட்டுப் போட்டு அனுப்பிய பிரதிநிதி அதில் எங்கே? உங்கள் கேள்வியும் எங்கள் கேள்வியும் ஒன்றே.

ஆகவே இன்றைக்கே ஒரு வேலையை ஆரம்பிப்போம். மில் கேட்டிலும் கிராமத்திலும் இந்த நான்கு கோரிக்கைகளுக்கும் கையெழுத்து வாங்குவோம். மருந்துக்குப் போகும்போது, "இங்கே கமிட்டி இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது?" என்று ஒவ்வொருவரும் கேளுங்கள். கிடைக்கும் பதிலைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுங்கள். பணம் கட்டுகிறவன் கணக்குக் கேட்பது குற்றமல்ல, தோழர்களே. கேட்காமல் இருப்பதுதான் நஷ்டம்.