இடாப்பின் ஓரம்

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் புதிய கல்விமாணிகளே, கதிரை கிடைக்காமல் வாசலில் நிற்கும் பெற்றோரே,

கரையோரக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தின் வசந்தகாலத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைப்பில் கேட்டிருந்தார்கள். வாசித்ததும் சிரிப்பு வந்தது. புத்தளம் மாவட்டக் கரையில் வசந்தம் ஏது? வாடைக்காற்று ஓயும், கச்சான் எழும்பும், நடுவில் மண்டையைப் பிளக்கும் வெயில். உப்பளக்காரருக்கு மட்டும்தான் அந்த வெயிலைக் கண்டு முகம் மலரும். எங்களுக்கு வசந்தம் இல்லை, முதலாம் தவணைதான் உண்டு. தை பிறக்கும்போது தொடங்கிச் சித்திரைப் புத்தாண்டுக்கு முன் முடியும். கொவிட் வந்து தவணைக் கணக்கைக் குழப்பிய வருடங்களை விட்டுவிடுகிறேன்.

கற்பிட்டிக் குடாநாட்டில் முப்பத்து நான்கு முதலாம் தவணைகள் படிப்பித்தேன். அவற்றைப் பற்றித்தான் பேச முடியும்.

பெப்ரவரி என்றால் இல்ல விளையாட்டுப் போட்டி. ஒரு மாதத்துக்குப் பாடம் நடக்காது, நடப்பதாக அதிபரும் நாங்களும் பாவனை செய்வோம். அணிநடைக்குப் பிள்ளைகள் மணலில் கால் புதையப் பழகுவார்கள். இல்லக் கொட்டகைகளுக்குத் தென்னங்குருத்து வேண்டும். எங்கள் ஊரில் அதைத் தந்தவர் ஒரு முஸ்லிம் தோட்டக்காரர். பெப்ரவரியில் கொட்டகைக்கு ஒரு தடவை வெட்டுவார், குருத்தோலை ஞாயிறுக்கு இன்னொரு தடவை. "உங்கட வேதத்துக்கும் விளையாட்டுக்கும் என்ட மரந்தான் மொட்டை" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். காசு வாங்கியதில்லை. அண்மைய வருடங்களில் ரமழான் நோன்பும் தவக்காலத்தோடு சேர்ந்து வரத் தொடங்கியது. 2024இலும் 2025இலும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. நோன்பு பிடித்த பிள்ளையை மூன்று மணி வெயிலில் நானூறு மீற்றர் ஓடச் சொல்ல முடியாது. எனவே போட்டியை முன்னுக்குத் தள்ள வேண்டும். இதை எந்தச் சுற்றறிக்கையும் உங்களுக்குச் சொல்லாது. நாட்காட்டியைப் பார்த்து நீங்களாகத்தான் செய்ய வேண்டும்.

மார்ச்சில் தலவில புனித அன்னம்மாள் திருவிழா. ஓகஸ்ட் திருவிழாவே பெரியது, மார்ச் திருவிழா சிறியது என்பார்கள். ஆனால் வகுப்பறையைக் காலியாக்க அந்தச் சிறியதே போதும். மரத்தடிகளில் குடும்பம் குடும்பமாகப் பாயை விரித்துத் தங்கிவிடுவார்கள். சிங்களவர், தமிழர், பௌத்தர், இந்துக்கள் என்று எல்லோரையும் அங்கே காணலாம்.

பிறகு தவக்காலம் கனக்கும். மாலையில் சிலுவைப்பாதை. கோயிலில் வியாகுலப் பிரசங்கத்தை ஒப்பாரி போல இழுத்து வாசிப்பார்கள். அதை எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்தவர். கொங்கணிக்காரரான அவர் தமிழும் சிங்களமும் படித்து, இரண்டிலும் நூல்கள் எழுதி, 1742இல் நம் மாவட்டத்தின் தென்பக்கத்துப் போலவத்தையில் கண்ணை மூடினார். ஒரே துக்கத்தை ஒரே மனிதர் இரண்டு மொழிகளிலும் எழுதி வைத்தார். சிலாபத்துக்குத் தெற்கே போனால் அதன் அருமை தெரியும். அங்கே பாட்டி தமிழில் செபமாலை சொல்வாள், பேத்தி சிங்களத்தில் பதில் சொல்வாள். பள்ளிக்கூட மொழி மாறியபோது வீட்டு மொழியும் மெல்ல மாறிய கரை அது. அப்படி மாறியதில் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். பெயரைக்கூட நாங்கள் எங்களுக்கு வாய்த்த மொழியில்தான் வரவு இடாப்பில் எழுதினோம்.

இடாப்பு என்றேன். இன்று உங்களுக்குச் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

முதலாம் தவணையில் கடல் அமைதியாக இருக்கும். சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துச் சம்மாட்டிகளும் தொழிலாளிகளும் பத்தலங்குண்டு போன்ற தீவுகளில் மீன்வாடி போட்டிருப்பார்கள். மே மாதம் தென்மேற்குப் பருவம் தொடங்கி மேற்குக் கடல் கொந்தளித்தால் பலர் வள்ளத்தையும் வலையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவு, திருகோணமலை என்று கிழக்குக்குப் போவார்கள். பிள்ளைகளில் சிலரும் கூடவே போவார்கள். இது இன்று நேற்றைய வழக்கம் அல்ல. ஆனால் பாடசாலை இடாப்பில் இதற்கு ஒரு கட்டமும் இல்லை. வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு சுழி. அவ்வளவுதான்.

என் மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன். ஒரு கல்வி அதிகாரி வந்து இடாப்பைப் புரட்டினார். தரம் எட்டில் ஒரு பையனுக்கு நேராக வரிசையாகச் சுழிகள். "இவனை ஏன் இன்னும் வெட்டவில்லை?" என்றார். அவன் வாடியில் இருக்கிறான், வருவான் என்றேன். "வாடி என்று ஒரு பாடசாலை இருக்கிறதா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்கக்கேடு, நானும் சிரித்தேன். பெயரை வெட்டினேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பெரிய மனச்சாட்சி என்று சொல்ல மாட்டேன், அவனுடைய தாய் மறுநாள் சந்தையில் எதிர்ப்படுவாளே என்ற பயம். அடுத்த வாரம் அவனைப் புதிதாகச் சேர்ப்பது போல ஒரு கடிதம் எழுதிப் பெயரை மறுபடி ஏற்றினேன். அதற்குப் பிறகு சுழி போடும் இடத்தில் எல்லாம் இடாப்பின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல் எழுதப் பழகினேன். 'வாடி'. 'அம்மை'. 'உப்பளம்'. 'தலவில'. 'தம்பியைப் பார்க்கிறாள்'. பென்சில் ஏன் என்றால், அதிகாரி வந்தால் அழித்துவிடலாம்.

இந்தப் பழக்கம் என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1807 மார்ச்சில் கற்பிட்டியில் ஒருவர் பிறந்தார், சைமன் காசிச்செட்டி. 1834இல், இருபத்தேழு வயதில், இலங்கையின் ஊர்கள், ஆறுகள், சனங்கள் எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து 'தமிழ் புளூட்டாக்' என்று பெயரிட்டார். எங்கள் உப்புக்காற்றில் வளர்ந்தவர், கண்ணில் பட்டதை எல்லாம் எழுதி வைத்தார். அவர் தீவு முழுவதையும் எழுதினார், என்னால் ஒரு வகுப்பை எழுத முடியாதா என்று தோன்றியது. கற்பிட்டியில் படிப்பிக்கப் போகிறவர்கள் ஒல்லாந்தர் கோட்டையைக் காட்டப் பிள்ளைகளைக் கூட்டிப்போவீர்கள். திரும்பி வரும் வழியில் அவர் பெயரையும் சொல்லுங்கள்.

கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் என்றதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் சுவீகரிக்கும் சட்டம் வந்தபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பல இடங்களில் பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே போய்க் குடியிருந்தார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. பள்ளிக்கூடத்தைப் பற்றி எனக்கு இருக்கும் முதல் நினைவே அங்கே தூங்கியதுதான். வாங்குகளைச் சேர்த்துப் போட்டு, அம்மாவின் சேலையைப் போர்த்திக்கொண்டு. பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் வந்து சமரசம் பேசி, 1961 ஜனவரியில் சனங்கள் வீடு திரும்பினார்கள். சுவர்களும் கிணறும் அரசாங்கத்துக்குப் போயின. அது சரியா பிழையா என்று இன்றும் வாதாடுவோர் உண்டு. ஏழைப் பிள்ளைக்குக் கதவு திறந்தது என்று ஒரு பக்கம், வீட்டைப் பிடுங்கினார்கள் என்று மறுபக்கம். இரண்டிலும் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

என் பழைய இடாப்புகளில் இரண்டு வருடங்களைத் திறக்கும்போது மட்டும் கை தயங்கும்.

ஒன்று 1991. முந்திய ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் மன்னார்த் தீவைச் சேர்ந்தவர்கள் வள்ளங்களில் வந்து கற்பிட்டியில் இறங்கினார்கள். அந்தத் தவணை என் இடாப்பில் இடம் போதவில்லை, தாள் ஒட்டினேன். புதிய பிள்ளைகளின் ஓரக் குறிப்பில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அவர்களின் ஊரை எழுதினேன். எருக்கலம்பிட்டி. தாராபுரம்.

மற்றது 2019, ஓய்வு பெற்ற பின்பும் நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த வருடம். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள். அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மே 6ஆம் திகதி ஆறாம் தரம் முதலான வகுப்புகளைத் திறந்தார்கள். வாசலில் பைகளைச் சோதித்தார்கள். என் வகுப்பில் ஏழு பேர். அடுத்த வாரம் சிலாபத்தில் குழப்பம், கொட்டாரமுல்லையில் ஒருவரைக் கொன்றார்கள். மறுநாள் வகுப்பில் ஒருவரும் இல்லை. குருத்து வெட்டித் தந்த தோட்டக்காரரின் பேத்தியின் பெயருக்கு நேரே சுழி போட்டேன். ஓரத்தில் எழுதப் பென்சிலை எடுத்தேன், ஒரு சொல்லும் வரவில்லை. இன்றும் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. பதினேழு நாட்கள் கழித்து அவள் வந்தாள். முன்வாங்கில் இருந்த தோழி எழுந்து, பிடித்து வைத்திருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள். நான் பலகைக்குத் திரும்பித் திகதி எழுதினேன், கொஞ்சம் நேரம் எடுத்தே எழுதினேன்.

இனி இடாப்பு கணினிக்கு வரும் என்கிறார்கள். வரட்டும். அதில் ஓரம் இருக்குமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் வெட்டி, மறுபடி ஏற்றிய பையனைப் பற்றி யாராவது பிறகு கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். அவன் பெயருக்கு நேரே ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: 'பத்தலங்குண்டு. பெரிய வெள்ளிக்கு வருவான்.' வந்தான். கருகிய முகத்தோடு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சிலுவையைத் தொட்டு முத்தி செய்ய வரிசையில் நின்றான். என்னைக் கண்டதும் தாயின் பின்னால் ஒளிந்தான். கோயிலுக்குத்தான் வந்தான், பள்ளிக்கூடத்துக்கு அல்ல. அதையும் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.