நான்கும் நல்லவைதான்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ப்ராசஸரை மட்டும் மாற்றினேன். ஏஎம்டி நிறுவனம் 2016-இல் கொண்டுவந்த ஏஎம்4 சாக்கெட்டில் அந்த வசதி உண்டு. பழைய போர்டாக இருந்தாலும், அதற்குரிய பயாஸை ஏற்றிவிட்டால் பல வருடம் கழித்து வந்த ப்ராசஸரும் அதில் உட்காரும். 2017-இல் வந்த ரைசன் 5 1600-ஐக் கழற்றிவிட்டு, 2022-இல் வந்த ரைசன் 5 5600-ஐப் பொருத்தினேன். இரண்டுக்கும் ஆறு கோர்தான், இரண்டும் 65 வாட்தான். ஆனால் வேகத்தில் நல்ல வித்தியாசம்.

இரண்டு நாள் சந்தோஷமாகப் போயிற்று. மூன்றாம் நாள் மாலை மகள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தபோது நீலத்திரை வந்து, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனது. ராத்திரி மறுபடியும் வந்தது. அடுத்த நாள் மூன்று தடவை. இரண்டு பக்கம் போயிற்று என்று அவள் சொன்னபோது எனக்கு மனசே கேட்கவில்லை.

தெரிந்த கடைக்காரர் ஒருவர், “ப்ராசஸரே ஃபால்ட் சார், திருப்பிக் கொடுத்திடுங்க” என்றார். நிறையப் பேர் அதைத்தான் சொல்வார்கள். புதிதாக வந்தது அது ஒன்றுதானே, சந்தேகமும் அதன் மேல்தான் விழும்.

எனக்கு ஒன்று உறுத்தியது. நீலத்திரையில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழைப் பெயர் வந்தது. கேம் போன்ற கனமான வேலை கொடுக்கும்போது சட்டென்று அணைந்துவிட்டால் சூட்டையும் பவர் சப்ளையையும் முதலில் பார்க்க வேண்டும். வேலையில்லாமல் சும்மா இருக்கும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆனால், மின்னழுத்தம் தேவைக்கும் கீழே இறங்கிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். இப்படி ஒரு ஒழுங்கே இல்லாமல், தடவைக்கொரு பெயரில் பிழை வந்தால் என் கை முதலில் நினைவகமான ராமுக்குத்தான் போகும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் ராமை ஆளும் சர்க்யூட் மதர்போர்டில் தனி சிப்பாக இருந்தது. ஏஎம்டி 2003-இல் அத்லான் 64-இலும், இன்டெல் 2008-இல் நெஹேலம் வரிசையிலும் அதை ப்ராசஸருக்குள்ளேயே கொண்டுபோய்விட்டன. அதனால் இன்று ப்ராசஸரை மாற்றுகிறவர், ராமோடு பேசுகிற ஆளையும் சேர்த்தே மாற்றுகிறார். ராம் குச்சிகள் பழையவைதான். ஆனால் அவற்றை மேய்க்கிற மேய்ப்பன் புதியவன்.

சூட்டைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பயாஸில் எல்லாவற்றையும் கம்பெனி செட்டிங்குக்கே திருப்பிவிட்டு இரண்டு நாள் ஓட்டினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. இந்த ஒரு காரியத்தை எல்லாரும் முதல் நாளே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதற்கும், பொருளைத் திருப்பி அனுப்புவதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். செலவில்லாத சோதனை இது.

அப்போதுதான் நான் செய்தது பிடிபட்டது. பழைய ப்ராசஸரோடு ராம் 2400 வேகத்தில் ஓடியது. புதியது வந்ததும், குச்சியின் மேல் 3200 என்று அச்சிட்டிருக்கிறதே என்று பயாஸில் அந்த வேகத்தை எடுக்கவைக்கும் எக்ஸ்எம்பியை இயக்கிவிட்டேன். ஆனால் இந்த ப்ராசஸருக்கு 3200 என்பது இரண்டு குச்சிக்குச் சொன்ன கணக்கு. நான்கு குச்சி போட்டால் இந்த ப்ராசஸருக்கு அறிவித்திருக்கும் வேகம் 2933, குச்சியின் அமைப்பைப் பொறுத்து அதற்கும் கீழே. என் போர்டில் நான்கு இருந்தன. இரண்டு முதலில் வாங்கியவை, இரண்டு பிறகு வாங்கியவை.

மெம்டெஸ்ட்86 பிளஸ் என்கிற இலவச நிரலைப் பென் டிரைவில் ஏற்றினேன். விண்டோஸ் இல்லாமலே அது ராமின் ஒவ்வொரு மூலையையும் எழுதிப் படித்துப் பார்க்கும். முதல் ஜோடியை மட்டும் போட்டு 3200-இல் ஒரு ராத்திரி ஓட்டினேன். பிழை இல்லை. இரண்டாம் ஜோடி இன்னொரு ராத்திரி. அதிலும் இல்லை. நான்கையும் போட்டதும் இருபது நிமிடத்தில் சிவப்பு வரிகள் வந்தன. ராமில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், “பரவாயில்லை” என்று விட முடியாது. இத்தனைக்கும் எந்தக் குச்சியும் கெட்டதில்லை, ப்ராசஸரும் கெட்டதில்லை. நான்கும் சேர்ந்து அந்த வேகத்தில் ஓட முடியவில்லை, அவ்வளவுதான்.

ப்ராசஸர் மேல் தப்பே இருக்காது என்று சொல்லவில்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சில அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் உண்மையாகவே தேய்ந்துபோயின. 2024-இல் அந்த நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது. அந்தத் திருத்தம் புதிய சேதத்தைத் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. அந்த ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸ் தேதியை இன்றே பாருங்கள். பயாஸ் ஏற்றும்போது யுபிஎஸ் இருக்கட்டும். பாதியில் கரண்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம்.

எங்கள் வீட்டில் ராமை 2933-க்கு இறக்கி, ராத்திரி முழுக்கச் சோதித்தேன். காலையில் திரையில் பிழைக் கணக்கு பூஜ்யம். அந்த வேகக் குறைவு யாருக்கும் தெரியவில்லை. மகள் ரிப்போர்ட்டை முடித்துக் கொடுத்துவிட்டாள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை சேவ் செய்கிற பழக்கம் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது. அதை விடு என்று நான் சொல்லவில்லை.