முறையீட்டின் வாயில்



கயத்தாறு என்றதும் கட்டபொம்மனின் முடிவு நினைவுக்கு வரும். அதற்கு முந்தைய ஆண்டில் நடந்த விசாரணை ஒன்றும் நினைவுக்கு வரவேண்டும்.

1798இல் கலெக்டர் ஜாக்சன், வரிப் பாக்கியின் பொருட்டு அவரை ஊர் ஊராக அலையவிட்டு, இராமநாதபுரத்தில் சந்தித்தார். அங்கே கலகம் மூண்டது. தானாபதி சுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார். முறையீடு சென்னைக்குச் சென்றது. ஆளுநர் எட்வர்டு கிளைவ் அமைத்த குழு விசாரித்தது. பிள்ளை விடுதலை பெற்றார், ஜாக்சன் பதவியிழந்தார்.

ஆயினும் அந்நீதி ஆளுநரின் விருப்பத்தில் பிறந்ததேயன்றிச் சட்டத்தில் பிறந்ததன்று; ஆதலால் நிலைக்கவில்லை. 1799 அக்டோபர் 16இல் கும்பெனித் தளபதி பானர்மேன் தாமே விசாரித்துத் தாமே தூக்குத் தண்டனை விதித்தார்.

இன்று சட்டம் உண்டு. எனினும், ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்க்கப்பட்ட 17ஏ பிரிவின்படி, அலுவலர் தம் பணியில் எடுத்த முடிவைக் காவல்துறை விசாரிக்க அரசின் முன் அனுமதி வேண்டும். நேர்மையாளரைப் பொய்ப் புகாரினின்று காக்கும் அந்நோக்கம் நன்றே. ஆனால் அனுமதி மேலிடத்தின் கையிலேயே இருப்பின், முறையிடுவோர் மீண்டும் ஒருவருடைய விருப்பத்தையே நம்பி நிற்பர். அவ்வதிகாரம் சார்பற்ற அமைப்பிடம் சேரட்டும். மறுப்பின் காரணம் எழுத்தில் வரட்டும்.

தனிமனிதரின் வாய்மைக்கு நோன்பு காவல்; ஆட்சியின் வாய்மைக்குச் சட்டமே காவல்.