காயமுற்றவன் கேட்பது பிச்சையன்று

(விவசாயிகள் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



தொழிலாளர் நட்டஈடு பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். தோட்டத்துரைமாரையும் கொழும்பு ஆலை முதலாளிமாரையும் நான் சாடுவேன் எனச் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேச வந்ததோ இங்கே முன்வரிசையில் அமர்ந்திருப்போரைப் பற்றி. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். எனக்கும் பத்துப் பரப்பு வயல் உண்டு.

1837இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வேலைக்காரப் பையன் சென்ற வண்டி, பாரம் தாங்காது முறிந்தது. பையனின் தொடையெலும்பும் முறிந்தது. எசமான் ஈடு செய்யக் கடமைப்பட்டவரல்லர் எனத் தீர்த்தது நீதிமன்றம். ஆபத்தென்று கண்டால் பையன் ஏறாது விட்டிருக்கலாமாம்! வயிற்றுக்கு உழைப்பவன் 'ஏறமாட்டேன்' என்று எங்ஙனம் சொல்வான்? அந்நாட்டில் இந்நியாயத்தை உடைக்கும் சட்டம் பிறக்க 1897 வரை அறுபது ஆண்டுகள் சென்றன.

நம் நாட்டில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவ்வழியில் வந்தது. வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் விபத்து நேர்ந்ததா என்பதே அதன் கேள்வி. எசமானின் குற்றத்தைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. 'அவன் கவனமில்லாமல் நின்றான்' என்று எசமான் தப்பவும் முடியாது. மதுவெறி, பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறியமை போன்ற சில விலக்குகளே உண்டு.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே என்பீர்கள். வாய்ச்சொல்லே போதும். நாட்கூலியாயினும், செய்த வேலைக்கு அளந்து கொடுக்கும் கூலியாயினும் ஒன்றே. தொழில் நோக்கத்துக்காக ஆளை வைத்தவர் எசமான், வேளாண்மையும் தொழில்தானே?

என்னிடம் ஓர் இளைஞன் வந்தான். சூடடிக்கும் இயந்திரத்தில் வலக்கையின் மூன்று விரல்களை இழந்தவன். வயற்காரர் கெட்டவரல்லர். தம் வாகனத்திலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றார். செலவுக்குப் பணமும் கொடுத்தார். பின்னர், 'இனி எனக்கு எவ்வித உரித்தும் இல்லை' என்று முத்திரை ஒட்டிய கடுதாசியில் ஒப்பமும் வாங்கினார். பையன் அதன் பிரதியை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். அத்தோடு எல்லாம் முடிந்தது என்றே நம்பினான். சட்டம் தந்த உரிமையைத் தொழிலாளி கைவிடுவதாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது. அக்கடுதாசிக்கு, பணம் கொடுத்ததைக் காட்டும் பற்றுச்சீட்டுக்கு மேல் மதிப்பில்லை என்றேன்.

மரணமாயின் இன்னும் கவனம் வேண்டும். விதவையின் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டோம் என எசமான் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் இறந்தவருக்கான நட்டஈடு தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடமே வைப்பிடப்பட வேண்டும்; சார்ந்திருப்போருக்குப் பங்கிடுபவர் அவரே. நேரே கொடுத்தவர் மறுமுறையும் கொடுக்க நேரலாம். கடன்காரனும் மைத்துனனும் அப்பணத்தைப் பங்குபோடாமல் காப்பதற்கே இந்த ஏற்பாடு.

2022ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தைச் சேர்த்துக்கொண்டது. ஐந்தரை இலட்சமாயிருந்த உச்சத் தொகையை இருபது இலட்சம் ரூபாவாக்கியது. சிறு விவசாயி இதற்கு எங்கே போவான் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. உழவு இயந்திரத்துக்குக் காப்புறுதி எடுக்கிறோம். அதன் பக்கத்தில் நிற்பவனுக்கும் எடுக்கலாமல்லவா? தனித்தனியே முடியாதாயின் சங்கமாகச் சேர்ந்து காப்புறுதிக் கம்பனியோடு பேசுவோம். அடுத்த சூடடிப்புக்கு முன் அதைச் செய்ய வேண்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். ஆணையாளருக்கு எப்படி எழுதுவது என்று அந்த இளைஞன் கேட்டான். சிங்களமோ ஆங்கிலமோ அவனுக்குத் தெரியாது. 1987இல் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. 1988இன் 16ஆம் திருத்தத்தின்படி, அரச அலுவலர்க்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் உரிமையுண்டு. மனுவைத் தமிழில் எழுதினோம். இடக்கையால் ஒப்பமிட்டான்.