அறையின் அழகு



காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் வசிப்பவன் நான். 34 ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்து ஓய்வு பெற்றவன். வீட்டின் உள் அழகைப் பற்றிப் பேசுமாறு கேட்டபோது, இதில் நமக்கென்ன தெரியும் என்று முதலில் தயங்கினேன். பிறகு ஒரு வகுப்பறை நினைவுக்கு வந்தது. அதற்கு நான் பட்ட கடனைத் தீர்க்கவே இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் புதிய கட்டடம் ஒன்று எழுந்தது. வரைபடத்தை என்னிடம் காட்டினார்கள். அறைகள் எத்தனை, பலகைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்துக் கையொப்பமிட்டேன். சன்னல்கள் எத்திசை நோக்கியவை என்று கேட்கவில்லை. திறப்பு விழாவன்று சுவரின் வண்ணத்தை எல்லாரும் புகழ்ந்தார்கள். பங்குனி பிறந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கு வெயில் அறைக்குள் நீண்டு படுத்தது. கரும்பலகை பளபளத்தது, எழுத்துத் தெரியவில்லை. எதிர்ச்சுவரில் காற்று வெளியேற வழியில்லை. நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் கடைசிப் பாடவேளையில் நாள்தோறும் உறங்கி விழுந்தான். அவனை எழுப்பி வெளியே நிற்க வைத்தேன். ஒருநாள் ஏதோ தோன்றி, அவன் இடத்தில் நானே அமர்ந்து பாடம் கேட்டேன். கால் மணி நேரத்தில் என் கண்கள் செருகின! குற்றம் பையனுடையதன்று, அறையினுடையது. அந்தக் குற்றத்தில் என் கையொப்பமும் இருந்தது.

நல்ல அறை என்பது எது என்று அதன் பிறகே தேடிப் படிக்கலானேன். தேடல் நெடுந்தொலைவு போகவில்லை. புதுச்சேரியிலேயே விடை கிடைத்தது. அங்கே அரவிந்தர் ஆசிரமத்துக்கு உரிய விடுதி ஒன்று உள்ளது. கோல்கொண்டா என்பது அதன் பெயர். ஐதராபாத் சமஸ்தானத்தின் பிரதமராக இருந்த அக்பர் ஹைதரியின் முயற்சியால் பொருளுதவி கிடைத்தமையால் அப்பெயர் அமைந்தது. நான் தெருவில் நின்று, மதிலுக்கு மேலே தெரிந்த அளவே கண்டேன். மற்றவை நூல்களில் படித்தவை.

திட்டத்தை வகுத்தவர் ஆன்டனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞர். பணியை மேற்பார்வையிட 1937-இல் அவர் அனுப்பிய இளைஞர் ஜார்ஜ் நகாஷிமா. அமெரிக்காவில் 1905-இல் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். முதலில் காட்டியலும் பிறகு கட்டடக் கலையும் பயின்றவர். அந்த விடுதியின் நீண்ட முகப்புகள் வடக்கும் தெற்கும் நோக்கியவை. அவற்றில் கண்ணாடிச் சன்னல்கள் இல்லை. சுவர் நிற்க வேண்டிய இடத்தில், திருப்பக்கூடிய கிடைத்தகடுகள் வரிசையாக நிற்கின்றன. வெயிலைத் தடுக்கலாம்; காற்றை விடலாம்; மழை வந்தால் மூடலாம். அறைக்கும் நடைவழிக்கும் இடையே தேக்குச் சட்டங்களால் ஆன இழுகதவு. கதவை மூடினாலும் இடுக்கு வழியே காற்று ஊடாடும். தரையில் கறுத்த கடப்பைக் கல். ஆசிரமவாசிகள் கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கைப்பிடிகள் வார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, மாதிரி அறை ஒன்றை முழு அளவில் கட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். இதைப் படித்தபோது வெட்கினேன். அவர்கள் கட்டுமுன் சோதித்தார்கள். நான் ஒரு பையனைத் தண்டித்த பின் சோதித்தேன்.

அறைகளுக்கான எளிய தேக்குச் சாமான்களை நகாஷிமா அங்கேதான் வடிவமைத்தார். ஊதியம் வேண்டாம் என்று ஆசிரம வாழ்வில் கலந்த அவருக்கு, அழகில் இன்பம் காண்பவர் என்று பொருள்படும் சுந்தரானந்தன் என்ற பெயர் சூட்டப்பட்டது. 1939-இல் புதுச்சேரியை விட்டு நீங்கினார். பின்பு உலகப் போர் வந்தது. அமெரிக்கக் குடிமகனாகப் பிறந்தும், ஜப்பானிய வம்சத்தவர் என்பதற்காக 1942-இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் முகாமில் அடைக்கப்பட்டார். அந்த முகாமிலும் ஓர் ஆசிரியர் கிடைத்தார்! ஜப்பானிய மரபுத் தச்சரான கெண்டாரோ ஹிகோகாவாவிடம் உளியும் இழைப்புளியும் பிடிக்கக் கற்றார். கட்டடக் கலை பயின்றவர் தச்சரிடம் மாணவராக அமர்ந்தார். 1943-இல் ரேமண்டின் உதவியால் விடுதலை பெற்றுப் பென்சில்வேனியாவில் தச்சுப்பட்டறை அமைத்தார். 1964-இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, நம் நாட்டு மரத்தில் நாற்காலிகளும் மேசைகளும் செய்ய வழிகாட்டினார்.

மரத்தின் இயல்பான விளிம்பை அவர் வெட்டி நேராக்கவில்லை. விரிசல் இருந்தால் அதை மறைக்கவுமில்லை; வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு கட்டையை அதன் குறுக்கே பதித்துப் பிணைத்தார். பிணைப்பே அணியாயிற்று. காஞ்சிபுரத்தார்க்கு இது புதிதன்று. கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் வெவ்வேறு நிறப் பாவு. இருவர் சேர்ந்து மூன்று நாடாக்களை ஓட்டுவார்கள். ஒவ்வோர் ஓட்டத்திலும் கரையின் இழையும் உடலின் இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அந்தப் பிணைப்பு உறுதியாக இருந்தால்தான் சேலைக்கு மதிப்பு. தறிக்குழி வெட்டும்போதும் நம் நெசவாளர் முதலில் பார்ப்பது வெளிச்சத்தை அல்லவா? இந்த அறிவு கையில் இருக்கிறது. வீடு கட்டும்போது மட்டும் அதைத் திண்ணையிலேயே விட்டுவிடுகிறோம். முற்றத்தை மூடிக் கூரைக்கடியில் வண்ண விளக்குகள் பதிக்கிறோம். பிறகு பகலிலும் விளக்கேற்றி உட்காருகிறோம்.

எங்கள் பள்ளிக் கட்டடத்தை இடிக்க இயலவில்லை. மேற்குப் பக்கம் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டோம். எதிர்ச்சுவரின் உச்சியில் காற்றுத் துளைகள் இட்டோம். வெளியே புங்கங்கன்றுகள் நட்டோம். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற முன்வந்தவர்களுள் அந்தப் பையனும் ஒருவன். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்நாளில் தலைமையாசிரியர்கள் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

போரின் பெயரால் அடைக்கப்பட்ட நகாஷிமா, முதுமையில் ஒரு பெரிய அக்ரூட் மரத்தைக் கண்டு, கண்டம்தோறும் அமைதிக்காக ஒரு மேசை இருக்க வேண்டும் என்று கனவு கண்டார். முதலாவது 1986-இல் நியூயார்க் தேவாலயம் ஒன்றில் இடம்பெற்றது. அவர் 1990-இல் மறைந்தார். ஆசியாவுக்கான மேசை புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் இருக்கிறது. அவர் இளமையில் உழைத்த மண்ணருகே அது வந்து சேர்ந்தது பொருத்தமே.

அன்பர்களே, வீடோ பள்ளியோ கட்டப் புகுவோர் சுவருக்கு என்ன வண்ணம் என்று கேட்பதை ஒருநாள் தள்ளி வையுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அந்த இடத்தில் போய் அமருங்கள். வெயில் எங்கிருந்து வருகிறது, காற்று எவ்வழி போகிறது, அங்கே உட்காரப் போகிறவர் யார் என்று பாருங்கள். அதன்பின் கையொப்பம் இடுங்கள்.