பிள்ளைத்தாச்சின்னு இடம் கொடுத்தாங்க!

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! இவ்வளவு நேரம் எங்களை எண்ணெய்ச் சட்டியிலே போட்டு வறுத்து எடுத்துவிட்டு, இப்போது ஒன்றும் தெரியாதவர் போலத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி அண்ணன் அவர்களே! அரங்கத்திலே அமர்ந்திருக்கிற பெரியோர்களே! வீட்டிலே டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே இந்தப் பட்டிமன்றத்தைப் பார்க்கிற தாய்மார்களே!

"பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்துபோன வயிற்றுக்கு அறுவை சிகிச்சை: அவசியமா, ஆடம்பரமா?" அவசியமே என்று பேச வந்திருக்கிறேன்.

அண்ணன் என்ன சொன்னார்? "எங்க அப்பத்தா எட்டுப் பிள்ளை பெத்தா. அவ வயித்துல எவன் கத்தி வச்சான்? தாய்மையின் தழும்பை மறைக்கலாமா?" என்று உருகினார். நீங்களும் கை தட்டினீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அண்ணே, உங்களுக்கு எத்தனை பிரசவம்? (சிரிப்பு)

எனக்கு ரெண்டு. ரெண்டாவது பிரசவம் சிசேரியன். அந்தப் பிள்ளைக்கு மூணு வயசு ஆயிருச்சு அய்யா, நான் சொல்லப்போற சம்பவம் நடந்தப்போ. திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு டவுன் பஸ்ல ஏறுறேன். சரியான கூட்டம். ஒரு பெரியம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. பார்த்துட்டுச் சத்தம் போட்டாங்க: "ஏப்பா, பிள்ளைத்தாச்சிப் பொண்ணு நிக்குதுல்ல, எந்திரிச்சு இடம் கொடுங்கப்பா!"

ஒரு பையன் டக்குன்னு எழுந்தான். நான் என்ன செய்யணும்? "இல்லைப்பா, நான் பிள்ளைத்தாச்சி இல்லை"ன்னு சொல்லணும். சொன்னேனா? உட்கார்ந்துட்டேன் அய்யா! (பலத்த சிரிப்பு) காலையில நாலு மணிக்கு எழுந்து இட்லி ஊத்தி, டிபன் பாக்ஸ் கட்டிட்டு வந்தவளுக்குத்தான் அந்த சீட்டோட அருமை தெரியும்.

முதல் தடவை சிரிச்சேன். ரெண்டாவது தடவை, கல்யாண வீட்டுல, "எத்தனை மாசம்?"னு கேட்டாங்க. சமாளிச்சேன். மூணாவது தடவை கேட்டது யாரு தெரியுமா? என் சின்ன மகன். என் வயித்துல காதை வச்சு, "அம்மா, உள்ளே பாப்பா இருக்கா?"ன்னான். அன்னைக்கு ராத்திரி பாத்திரம் கழுவுறப்போ அழுதேன். யாருக்கும் தெரியாது. இப்போ உங்களுக்குத்தான் சொல்றேன்.

சரி, அண்ணனோட அப்பத்தாவுக்கு வருவோம். எனக்கும் அப்பத்தா இருந்தாங்க. ஏழு பிள்ளை. பிள்ளை பிறந்ததும் பழைய வேட்டியைக் கிழிச்சு வயித்தை இறுக்கிக் கட்டினவங்கதான். பூண்டும் லேகியமும் தின்னவங்கதான். ஆனாலும் அடிவயித்துத் தோல் மடிஞ்சு தொங்கும். சித்திரை, வைகாசி வந்தால் அந்த மடிப்புக்குள்ளே வேர்த்து, அரிச்சு, புண்ணாகிப் போகும். மதியம் கதவைச் சாத்திக்கிட்டு முந்தானையால விசிறிக்கிட்டுப் படுத்திருப்பாங்க. சின்னப் பிள்ளையா நான் பார்த்திருக்கேன். அண்ணே, உங்க அப்பத்தா பேரன்கிட்ட இதைச் சொல்லியிருக்க மாட்டாங்க. எங்க அப்பத்தா பேத்திகிட்டச் சொன்னாங்க. அவ்வளவுதான் வித்தியாசம். (கைதட்டல்)

துணி கட்டுறது தப்பில்லை. இடுப்புக்குத் தாங்கல் கிடைக்கும், நடக்கச் சுகமா இருக்கும். ஆனா விரிஞ்ச தோலைத் துணி சுருக்காது. இலாஸ்டிக் போன நிக்கரைப் பார்த்திருக்கீங்கல்ல? துவைச்சு, மடிச்சு, பீரோவுல பூட்டி வச்சாலும் அது மறுபடி இறுகுமா? தோலுக்குள்ளேயும் அப்படி இழுத்துப் பிடிக்கிற நார் இருக்கு. ஒன்பது மாசம் விரிஞ்சதுல அது அறுந்து போனா, சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது.

இங்கேதான் நடுவர் அவர்கள் கொஞ்சம் கவனிக்கணும். 'தொப்பை'ன்னு நாம ஒரே வார்த்தையில சொல்லிடுறோம். அதுக்குள்ளே மூணு சங்கதி இருக்கு. மேலே தோல். அதுக்குக் கீழே கொழுப்பு. அதுக்கும் கீழே தசைச் சுவர். வயித்துக்கு நடுவுல, மேலிருந்து கீழா ரெண்டு பட்டையாத் தசை ஓடுது. குழந்தை வளர வளர அந்த ரெண்டு பட்டையும் விலகும். நடுவுல இருக்கிற சவ்வு மெலிஞ்சு விரியும். பிரசவத்துக்கு அப்புறம் பலருக்குத் தானாச் சேர்ந்துரும். சிலருக்குச் சேராது. எனக்குச் சேரலை.

இது எனக்கு எப்போ தெரிஞ்சது? ஏமாறப் போன இடத்துல தப்பிச்ச பிறகுதான் தெரிஞ்சது.

விளம்பரத்தைப் பார்த்துட்டு ஒரு அழகு நிலையத்துக்குப் போனேன். பேரு வேண்டாம். ஏ.சி. ரூம், கண்ணாடி மேசை. ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே வந்தா. என் வயித்தைத் தொட்டுக்கூடப் பார்க்கலை அய்யா! கால்குலேட்டரைத்தான் தொட்டா. (சிரிப்பு) "லைப்போசக்ஷன் பண்ணிடலாம் மேடம், சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம், இந்த வாரம் பணம் கட்டினா தள்ளுபடி"ன்னா. வயித்துக்கு ஆடித் தள்ளுபடி!

நல்ல வேளை, கையில அவ்வளவு பணம் இல்லை. ஏழையா இருக்கிறதுலயும் ஒரு பாதுகாப்பு இருக்கு. அப்புறம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரம்மாகிட்டப் போனேன். மல்லாக்கப் படுக்கச் சொன்னாங்க. முழங்காலை மடக்கச் சொன்னாங்க. "தலையை மட்டும் லேசாத் தூக்குங்க"ன்னு சொல்லிட்டு, தொப்புளுக்கு மேலே விரலை வச்சாங்க. மூணு விரல் உள்ளே போச்சு. இருமச் சொன்னாங்க. தொப்புள் கிட்ட ஒரு சின்ன உருண்டை எழும்புச்சு. குடலிறக்கம், அதான் ஹெர்னியா.

"உங்களுக்குக் கொழுப்பு அதிகமில்லை. தசை விலகியிருக்கு, தோல் தொங்குது. உறிஞ்சி எடுக்கிறதுனால உங்களுக்கு என்ன பிரயோஜனம்?"னு கேட்டாங்க. லைப்போசக்ஷன்னா சின்ன ஓட்டை போட்டு, குழாய் விட்டு, கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறது. தோலை அது இறுக்காது, தசையைச் சேர்க்காது. தலையணையில பஞ்சை உருவிட்டு உறையை அப்படியே விட்டா எப்படி இருக்கும்? சுருங்கித் தொங்கும். அந்தக் கதிதான் எனக்கு வந்திருக்கும். ஹெர்னியா இருக்கிறது தெரியாமக் குழாயை விட்டா, குடலுக்கே ஆபத்து.

அப்போ லைப்போசக்ஷன் கெட்டதா? இல்லை. தோல் இறுக்கமா இருந்து, அங்கங்கே கொழுப்பு மட்டும் தங்கியிருக்கிறவங்களுக்கு அது சரி. ஆனா உடம்பு எடையைக் குறைக்கிற வைத்தியம் அது இல்லை.

தொப்புளுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் தோல் தளர்ந்திருந்தா, சின்ன அளவுல ஓர் அறுவை உண்டு. வெட்டும் சிறிசு, தொப்புளைத் தொட மாட்டாங்க. முழு அறுவைன்னா இந்த இடுப்பெலும்பிலிருந்து அந்த இடுப்பெலும்பு வரைக்கும் அடிவயித்துல வெட்டி, தோலை மேலே தூக்கி, விலகின தசையை நடுவுல சேர்த்துத் தைச்சு, தோலைக் கீழே இழுத்து, மிச்சத்தை வெட்டி எடுத்துருவாங்க. தொப்புள் இருந்த இடத்துலயே இருக்கும். புதுசா வந்த தோல்ல அதுக்கு ஒரு வாசல் திறப்பாங்க. கிரகப்பிரவேசம் மாதிரி! (சிரிப்பு) இதுக்கு 'அப்டாமினோபிளாஸ்டி'ன்னு பேரு. சிசேரியன் தழும்பும் பெரும்பாலும் அந்தத் தோலோடயே போயிடும். அடிவயித்து வரித்தழும்பும் போயிடும். மேல் வயித்துல இருக்கிறது போகாது.

எங்க அப்பத்தா மாதிரித் தோல் மடிஞ்சு புண்ணாகிறவங்களுக்கு, தொங்குறதை மட்டும் அறுத்து எடுக்கிற இன்னொரு முறையும் இருக்கு. அதுல தசையைத் தைக்கிறது கிடையாது. அழகுக்காகச் செய்றதும் இல்லை. அரிப்பும் புண்ணும் இல்லாமல் நிம்மதியா நடக்கிறதுக்காகச் செய்றது.

ஆடம்பரம், சினிமாக்காரங்க வேலைன்னு சொன்னீங்களே அண்ணே! அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில ஹோவர்டு கெல்லின்னு ஒரு டாக்டர். 1899-லேயே தொங்குகிற வயித்துத் தோலை அறுத்து எடுத்ததைப் பத்தி எழுதியிருக்கார். அவர் யாரு? நடிகைகளுக்கு டாக்டரா? இல்லை, பெண்கள் நோய் மருத்துவர்! அப்போ ஹாலிவுட்ல படக் கம்பெனியே கிடையாது. (கைதட்டல்)

இப்போ ஓர் உண்மையைச் சொல்லிடுறேன். எங்க அணித் தலைவர் கோவிச்சுக்கக் கூடாது. அவசியம்னு பேச வந்த நானே, என் சொந்தத் தங்கச்சிகிட்ட "வேண்டாம்டி"ன்னு சொன்னேன்.

அவளுக்குக் குழந்தை பிறந்து அஞ்சு மாசம். பால் கொடுக்கிறா. போன்ல அழுதா. "அக்கா, அவரு என் வயித்தைப் பார்த்து என்னமோ சொல்லிட்டாரு. உங்க டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க"ன்னா. நான் கேட்டேன், "இன்னொரு பிள்ளை பெத்துக்கிற எண்ணம் இருக்கா?" "இருக்கு." "பால் கொடுக்கிறதை எப்போ நிறுத்துவே?" "இன்னும் ஒரு வருஷம் ஆகும்." "அப்புறம் எதுக்குடி இப்போ? தைச்ச தசை அடுத்த பிரசவத்துல மறுபடி விரியும். உடம்பு தானாச் சுருங்கவே ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகும். பால் நிக்கணும். எடை ஒரே அளவுல நிக்கணும். சர்க்கரை இருந்தா கட்டுக்குள்ள வரணும். இன்னொண்ணு, உன் புருஷன் சொன்னதுக்காக நீ கத்திக்குக் கீழே படுக்காதே. கத்தி வைக்க வேண்டியது அவரு வாய்க்கு"ன்னேன்! (பலத்த கைதட்டல்)

அவளை உடற்பயிற்சி சிகிச்சைக்குத்தான் அனுப்பினேன். எனக்கும் டாக்டரம்மா முதல்ல அதைத்தான் சொன்னாங்க. அண்ணன் "பயிற்சி போதும்"னு சொன்னாரே, பாதி சரி. ஆறு மாசம் செஞ்சேன். மூச்சை விட்டுக்கிட்டே அடிவயித்தை உள்ளே இழுத்துப் பிடிக்கிறது மாதிரிப் பயிற்சி. முதுகுவலி பாதி குறைஞ்சது. மூணு விரல் இடைவெளி ரெண்டு விரலாச்சு. தங்கச்சிக்கு இன்னும் நல்லாவே சேர்ந்திருச்சு, அவளுக்குக் கத்தியே தேவைப்படலை. ஆனா எனக்குத் தோல் அப்படியே தொங்குச்சு. ஹெர்னியா போகவே இல்லை. பயிற்சியில ஹெர்னியா ஓட்டை அடையாது.

அப்புறம்தான் முடிவெடுத்தோம். எங்க வீட்டுக்காரரு ஒரு நோட்டுல கேள்வி எழுதிக்கிட்டு வந்தாரு. ஆபரேஷன் செய்றவங்க எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி படிச்சவங்களா? மயக்க மருந்து டாக்டர் யாரு? தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே இருக்கா? டாக்டரம்மா ஒண்ணையும் மறைக்கலை. தழும்பு வாழ்நாள் பூராவும் இருக்கும், மங்குமே தவிர மறையாதுன்னாங்க. உள்ளே நீர் கோக்கலாம், புண் சீழ் பிடிக்கலாம், தோலோட ஓரம் கருகலாம், அடிவயித்துல மரத்துப் போகலாம்னாங்க. எல்லாத்தையும்விடப் பயம், கால் ரத்தக் குழாய்ல ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்குப் போறது. உயிருக்கே ஆபத்து. அது வராம இருக்கத்தான் மறுநாளே எழுப்பி நடக்க விட்டாங்க.

இன்ஷூரன்ஸ்காரங்க ஹெர்னியாவுக்கு மட்டும் கொடுத்தாங்க. மிச்சத்துக்கு என் ரெண்டு வளையல் போச்சு. மாமியார் வாங்கிக் கொடுத்த வளையல் இல்லை, எங்க அம்மா போட்டது. (சிரிப்பு)

ஆபரேஷன் மூணு மணி நேரம் போல ஆச்சு. ரெண்டு பக்கமும் குழாய் தொங்குது. நிமிர்ந்தா தையல் இழுக்கும்னு ஒரு வாரம் கூன் போட்டுத்தான் நடந்தேன். அதைப் பார்த்துட்டு எங்க அத்தை சொன்னாங்க: "கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல இப்பத்தான் மருமக எனக்கு முன்னால குனிஞ்சு நடக்கிறா!" (பலத்த சிரிப்பு) சொன்னாங்களே ஒழிய, ஆறு வாரம் நான் குடம் தூக்கலை, மகனைத் தூக்கலை. எல்லாத்தையும் அவங்கதான் தூக்கினாங்க. முதல்ல "எதுக்கும்மா இந்த வேலை"ன்னு கேட்டவங்களும் அவங்கதான். ஒரு நாள் கட்டை மாத்துறப்போ பார்த்துட்டு, மெதுவா, "எங்க காலத்துல இதெல்லாம் இருக்குன்னே தெரியாது"ன்னாங்க. அதுக்கு மேலே ஒண்ணும் பேசலை. நானும் கேட்கலை.

நடுவர் மணியைக் கையில எடுத்துட்டார். ஒரே நிமிஷம் அய்யா. நாலு மாசம் கழிச்சு, அதே திருமங்கலம் பஸ்ல ஏறினேன். அதே கூட்டம். சுத்திச் சுத்திப் பார்த்தேன். ஒருத்தர்கூட எந்திரிக்கலை! மதுரை வரைக்கும் நின்னுக்கிட்டே போனேன் அய்யா, அவ்வளவு சந்தோஷமா! (நீண்ட கைதட்டல்)

நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.