பிள்ளையின் பெயரில் ஒரு கணக்கு
(வட்டுக்கோட்டைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பனங்கொட்டையைப் புதைப்பவன் தனக்காகவா புதைக்கின்றான்? அது காய்க்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். பிள்ளைக்குச் சேமிப்பதும் அத்தகையதே.

1885இல் இந்நாட்டில் தபாற் சேமிப்பு வங்கி தோன்றியது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது தேசிய சேமிப்பு வங்கியுள் அடங்கியது. பிள்ளை பிறந்தது முதல் மாதம் ஆயிரம் ரூபாய் இட்டு வந்தால், பதினெட்டு வயதில் முதல் மட்டும் 2,16,000 ரூபாய், வட்டி வேறு.

இத்துடன் கண்ணுறங்கலாமா? கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் 69.8 வீதம் ஏறியது. முந்திய ஆண்டு நூறு ரூபாய்க்கு வாங்கிய பண்டத்துக்கு 170 ரூபாய் கொடுத்தோம். வங்கிப் புத்தகத்திலே தொகை குறையவில்லை. அதன் பலமே குறைந்தது.

ஆகையால் முழுவதையும் ஓரிடத்தில் முடக்காதீர்கள். ஒரு பங்கு வங்கியில் இருக்கட்டும். ஒரு பங்கு பவுனாகட்டும். ஒரு பங்கு தோட்டத்தையும் கிணற்றையும் திருத்தட்டும். மிகுவட்டி தருவோம் என்பாரிடம், மத்திய வங்கியின் அனுமதி உண்டா என்று முதலிற் கேளுங்கள். பிள்ளையின் பணத்தைப் பந்தலுக்கும் விருந்துக்கும் எடுக்காதீர்கள்.

1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்தபோது வீட்டையும் வயலையும் சுமக்க முடிந்ததா? கற்ற கல்வி ஒன்றே கூட வந்தது. 1823இல் செமினரி கண்ட இம்மண்ணுக்கு இதை நான் சொல்லவும் வேண்டுமோ? சேமித்த பணம் உரிய வயதிற் கல்வியாக மாறட்டும். அதற்கான கணக்கை இந்த வாரமே திறவுங்கள்!